பதக்கத்தின் விளிம்பில் ஒரு பெயர்

(நம் வட்டத்தின் திங்கட்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

அண்ணாமலையை அண்ணாந்து பார்த்தபடியே நம் வேங்கிக்காலில் பத்தாண்டுகளாகக் கூடிவருகிறோம். சங்கப் பாடல் முதல் புதுக்கவிதை வரை இம்மேடையில் பேசாத பொருள் இல்லை. இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் சற்றே வேறானது. பழைய போர்ப் பதக்கங்கள், கடற்படைச் சின்னங்கள், அவற்றைத் தேடிச் சேர்ப்போர் ஆகியவை பற்றிப் பேச வந்துள்ளேன். அழைப்பிதழைக் கண்ட நம் கவிஞர் ஒருவர் வாயிலிலேயே என்னை நிறுத்தி, "அம்மா, பித்தளைக்கும் பாட்டுக்கும் என்ன உறவு?" என்று கேட்டார். நியாயமான வினாதான். அவ்வினாவிற்கு விடை கூறும் முயற்சியே இவ்வுரை.

முதலில் என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பொருளின் மீது எனக்குள்ள உரிமையும் அதில் என் குற்றமும் அதனுள் அடங்கியுள்ளன.

கொலுசான பதக்கம்

என் தாயின் பாட்டனார் முதல் உலகப் போருக்குச் சென்று மீண்டவர். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் சாப்பர்ஸ் என்னும் படைப்பிரிவில் இருந்தவர். பாலம் கட்டுதல், பாதை அமைத்தல், பதுங்குகுழி வெட்டுதல் ஆகியன அப்படையின் பணிகள். அப்படையினரை இன்றும் 'தம்பி' என்றே அன்போடு அழைக்கின்றனர். அவர் போன இடத்தை வீட்டார் 'பசுரா' என்பர். பாஸ்ரா என்னும் ஊர்ப்பெயரின் நாட்டு வழக்கு அது. போரைப் பற்றி அவர் வீட்டில் ஏதும் பேசியதில்லையாம். "பசுராவில் பேரீச்சம்பழம் தின்றேன்" என்பது மட்டுமே அவர் வாய்மொழியாக எங்களுக்கு வந்து சேர்ந்தது.

அவருக்குப் பதக்கங்கள் இரண்டு கிடைத்தன. ஒன்று வெள்ளி, மற்றொன்று வெண்கலம். வெள்ளிப் பதக்கத்தை பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் என்பர். ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை. மறுபக்கம் குதிரைமேல் ஒரு வீரன். எடை ஓர் அவுன்சு, அதாவது ஏறத்தாழ 30 கிராம். நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டரைப் பங்கு வெள்ளி. அக்காலத்தில் இத்தகைய பதக்கங்கள் 60 இலட்சத்திற்கும் மேல் வழங்கப்பட்டன. படைவீரர்க்கு வெள்ளியிலும், இந்தியக் கூலிப்படையினர், சீனக் கூலிப்படையினர் போன்றோர்க்கு வெண்கலத்திலும் அடித்தனர். அதே போர், அதே மன்னர் தலை; உலோகம் மட்டும் வேறு. மண் சுமந்தவர் மார்பில் வெள்ளி ஏறலாகாது என எண்ணினர் போலும்.

1981ஆம் ஆண்டு எனக்குக் காது குத்தினார்கள். தாய்மாமன் சீர் கொண்டு வரவேண்டும். அதற்கு முந்தைய ஆண்டு சனவரியில் உலகச் சந்தையில் வெள்ளி விலை வரலாறு காணாத உயரத்தைத் தொட்டிருந்தது. மேலை நாடுகளிலேயே ஏராளமான போர்ப் பதக்கங்கள் அவ்வேளையில் உலைக்குப் போயின. என் மாமாவிடம் பணம் இல்லை. பெட்டியில் பாட்டனாரின் வெள்ளிப் பதக்கம் இருந்தது. நகைப் பத்தர் அதனை உரைத்துப் பார்த்து நல்ல வெள்ளி என்றாராம். அது உருகி என் கால்களுக்குக் கொலுசாயிற்று. வெண்கலப் பதக்கத்திற்கு விலை இல்லை என்பதனால் அது பிழைத்துக்கொண்டது.

இதனைக் கேட்டு எவரும் என் மாமாவைக் குறைகூற வேண்டா. தங்கை மகளை வெறுங்காலோடு சபையில் நிறுத்தலாகாது என்னும் அன்பே அதனைச் செய்தது. சங்க மறவர் காலில் அணிந்தது கழல். அக்கழலைப் பற்றி நான் பல ஆண்டுகள் பாடம் நடத்தியிருக்கிறேன். நடுகல்லையும் கரந்தைத் திணையையும் ஆராய்ந்துதான் முனைவர் பட்டம் பெற்றேன். ஆனால் என் காலில் கிடந்தது யாருடைய கழல் என்று நான் கேட்டதில்லை. அக்குற்றம் என்னுடையது.

மலர் சூடிய மறவர்

சின்னம் அணிதல் மேலையார் நமக்குக் கற்பித்த வழக்கமன்று. நம் புறத்திணைகளின் பெயர்களே பூக்களின் பெயர்கள். ஆநிரை கவரச் செல்வோர் வெட்சி சூடினர்; மீட்கச் சென்றோர் கரந்தை சூடினர்; மண் கொள்ளச் சென்றோர் வஞ்சி; எதிர்நின்று பொருதோர் தும்பை; வென்றோர் வாகை. போர்க்களத்தின் நெருக்கடியில் எவர் எப்படையினர் என அறிய வேண்டாமா? அதற்கெனவே சேரர்க்குப் பனம்பூவும், பாண்டியர்க்கு வேப்பம்பூவும், சோழர்க்கு ஆத்திப்பூவும் அடையாளமாயின எனத் தொல்காப்பியப் புறத்திணையியல் கூறுகிறது. இன்று தொப்பியிலும் தோளிலும் உலோகச் சின்னம் செய்யும் வேலையை அன்று மலர் செய்தது.

படைச் சிறப்புகளும் அன்றே இருந்தன. சிறந்த படைத்தலைவனுக்கு 'ஏனாதி' என்னும் பட்டமும் அதனோடு மோதிரமும் வழங்குதல் மரபு. வணிகர்க்கு 'எட்டி' பட்டமும் பொற்பூவும் கிடைத்தன. பாணர்க்குப் பொற்றாமரை சூட்டினர். ஆக, மறவனுக்கும் வணிகனுக்கும் பாடுவோனுக்கும் மன்னன் கையால் பதக்கம் வழங்கிய நாடு இது. அம்மோதிரங்களும் தாமரைகளும் இன்று எங்கே? பொன்னும் வெள்ளியும் எந்தக் காலத்திலும் உருகக் கூடியவை. உருகாமல் நமக்குக் கிடைத்தவை பாட்டில் ஏறிய பெயர்கள் மட்டுமே.

இங்கே இலக்கண நுட்பம் ஒன்றையும் நினைவுகூர வேண்டும். அகத்திணையில் தலைமக்களின் பெயரைச் சுட்டலாகாது என்பது விதி. காதல் எல்லார்க்கும் பொது. அதற்குப் பெயர் வேண்டா. புறத்திணைக்கோ பெயர் உரியது. போரில் மாண்டவன் 'ஒருவன்' அல்லன். அவனுக்கென ஓர் ஊர் உண்டு, ஒரு தாய் உண்டு, ஒரு பெயர் உண்டு. பெயரில்லாமல் புறம் இல்லை. இக்கருத்தை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

எம்டன் விட்டுச்சென்ற மூன்று

கடற்படைச் சின்னங்களைச் சேர்ப்போர் மிகவும் விரும்பித் தேடும் பொருள் ஒன்று சென்னையோடு தொடர்புடையது. 1914 செப்டம்பர் 22 இரவு 'எம்டன்' என்னும் செருமானியப் போர்க்கப்பல் சென்னைக் கடற்கரைக்கு அருகில் வந்து நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைப் பொழிந்தது. துறைமுகத்தருகே பர்மா எண்ணெய்க் கம்பெனியின் கொள்கலன்கள் தீப்பற்றி எரிந்தன. கப்பல் தலைவர் கார்ல் ஃபான் முல்லர். அடுத்த நாளே ஊரை விட்டு வெளியேறியோர் பலர். அந்நிகழ்ச்சியைக் குறிக்கும் கல்வெட்டு உயர்நீதிமன்ற வளாகத்து மதிலில் உள்ளது.

அவ்வாண்டு நவம்பர் 9ஆம் நாள் கோகோஸ் தீவுகளருகே ஆஸ்திரேலியக் கடற்படையின் 'சிட்னி' என்னும் கப்பல் எம்டனை வீழ்த்தியது. சிதைந்த கப்பலுக்குள் மெக்சிகோ நாட்டு வெள்ளி நாணயங்கள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. அவற்றுள் ஏறத்தாழ 1,000 நாணயங்களை எடுத்து, மேலே ஒரு மகுடமும் இரு கப்பல்களின் பெயர்களும் போர் நிகழ்ந்த நாளும் பொறித்த வளையம் கோத்து, சிட்னி நகரத்து நகை வணிகர் ஒருவர் பதக்கங்களாக்கினார். அவை வெற்றி பெற்ற கப்பலின் மாலுமிகளுக்கு வழங்கப்பட்டன. எஞ்சியவற்றுள் சில பொதுமக்களுக்கு விற்கப்பட்டன. அரசு முறையாக நிறுவிய பதக்கம் அன்று அது. ஆயினும் இன்று சேகரிப்போரிடையே அதற்குப் பெருமதிப்பு உண்டு. அங்கே நாணயம் பதக்கமாயிற்று; எங்கள் வீட்டில் பதக்கம் கொலுசாயிற்று. உலோகம் ஒன்றுதான். அதன்மேல் ஏற்றிய நினைவே அதனைப் பதக்கமாக்குகிறது. நினைவு நீங்கினால் அது எடைக்கு எடை வெள்ளி.

தோற்ற கப்பலின் கதையும் கேட்கத்தக்கது. எம்டனில் உயிர்தப்பிய மாலுமிகள் தம் குடும்பப் பெயரோடு 'எம்டன்' என்னும் சொல்லைச் சேர்த்துக்கொள்ளச் செருமனியில் இசைவளிக்கப்பட்டது. அச்சிறப்பு அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் உரியதாயிற்று. மார்பில் குத்தும் சின்னம் ஒரு தலைமுறையோடு பெட்டிக்குள் போய்விடும். பெயரோடு கலந்த சின்னம் பேரப்பிள்ளைகளுக்கும் போய்ச்சேரும்.

மூன்றாவது பேறு நம் மொழிக்கு வாய்த்தது. "அவன் சரியான எம்டன்" என்று இன்றும் நம் வீடுகளில் சொல்லுகிறோம். கண்டிப்பு மிக்க தந்தையும், எளிதில் ஏமாறாத வியாபாரியும், சொன்னதைச் செய்து முடிக்கும் குறும்புப் பிள்ளையும் நமக்கு எம்டனே. 2006ஆம் ஆண்டில் வந்த 'எம் மகன்' திரைப்படத்திற்கு முதலில் இட்ட பெயர் 'எம்டன் மகன்' என்பதாகும். ஒரே இரவில் வந்து போன கப்பல் ஒரு நூற்றாண்டு கடந்தும் தமிழில் சொல்லாக வாழ்கிறது. நாணயம், குடும்பப் பெயர், வழக்குச்சொல் ஆகிய மூன்றில் எது நீண்ட நாள் நிற்கும்? கவிஞர்கள் கூடியிருக்கும் அவையில் அதற்கு விடை கூற வேண்டியதில்லை.

பெயர் பொறித்ததும் எண் பொறித்ததும்

இனி இவ்வுரையின் மையப்பகுதிக்கு வருகிறேன்.

முதல் உலகப் போரின் பதக்கங்களில் ஒரு சிறப்பு உண்டு. பதக்கத்தின் முகத்தில் மன்னரோ, சிறகு விரித்த வெற்றித் தெய்வமோ இருக்கலாம். அதன் பக்கவாட்டு விளிம்பில், கண்ணைக் கூர்மையாக்கிக்கொண்டு பார்த்தால், அதனைப் பெற்ற வீரனின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை சிறிய ஆங்கில எழுத்துகளில் பொறிக்கப்பட்டிருக்கும். பேரரசின் பெருமை நடுவில்; மனிதனின் பெயர் விளிம்பில். எனினும் அந்த விளிம்பே சேகரிப்போர்க்கு உயிர். பெயர் தெளிவாக உள்ள பதக்கம் வரலாறு. பெயரைத் தேய்த்து அழித்த பதக்கம் வெறும் வட்டு.

இதன் அருமையை உணர வேண்டுமெனில் பாஸ்ரா நினைவுச்சின்னத்தைப் பற்றி அறிய வேண்டும். மெசபடோமியப் போர்முனையில் மாண்டு, கல்லறையும் அறியப்படாத 40,000க்கும் மேற்பட்டோர்க்காக 1929ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட சின்னம் அது. சதாம் உசேன் ஆட்சியின்போது 1997ஆம் ஆண்டில் நகர்ப்புறத்திலிருந்து பெயர்க்கப்பட்டுப் பாலைவனத்தில் நிறுவப்பட்டது. அதில் பிரிட்டிஷ் வீரர்கள் பெயரால் நினைக்கப்பெற்றனர். இந்தியரில் அலுவலர்களின் பெயர்கள் மட்டுமே கல்லில் ஏறின. எஞ்சிய இந்தியப் படைவீரர்கள், இன்ன படைப்பிரிவில் இத்தனை பேர் என, வெறும் எண்ணிக்கையாயினர். இவ்வேற்றத்தாழ்வை ஆராய்ந்த பொதுநலவாயப் போர்க் கல்லறைகள் ஆணையம் 2021 ஏப்ரலில் அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. கல் நாட்டி 92 ஆண்டுகள் கழிந்த பின்னர் வந்த மன்னிப்பு அது.

தொலைவில் உள்ள ஊரை ஏன் சொல்ல வேண்டும்? நம் அண்டை நகரமாகிய வேலூரில் நெடுங்கடைத் தெருவில் மணிக்கூண்டு ஒன்று உள்ளது. இவ்வூரிலிருந்து 277 பேர் பெரும்போருக்குச் சென்றனர், 14 பேர் உயிர் நீத்தனர் என்னும் பொருள்பட அதில் ஆங்கிலத்தில் பொறித்துள்ளனர். தமிழ்நாட்டின் பல சிற்றூர்களில் இத்தகைய பலகைகள் உள்ளன. எல்லாம் எண்ணிக்கை. அந்தப் பதினால்வர் யாவர்? கல் சொல்லவில்லை.

அவையோரே! நம் மாவட்டத்துக் கற்கள் இவ்வாறு பேசியதில்லை. செங்கம் வட்டாரத்தில் கண்டெடுத்த நடுகற்களைத் தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை 1972ஆம் ஆண்டில் 'செங்கம் நடுகற்கள்' என்னும் நூலாக வெளியிட்டது. பதிப்பாசிரியர் இரா. நாகசாமி அவர்கள். பல்லவர் காலத்து வட்டெழுத்துக் கற்கள் பல அதில் இடம்பெற்றுள்ளன. அவை பெரிதும் ஒரே ஒழுங்கில் அமைந்தவை: மன்னன் பெயரும் ஆட்சியாண்டும், வீரனின் தலைவன் பெயர், வீரனின் பெயர், அவன் எதற்காக மாண்டான் என்னும் செய்தி. மன்னன் பெயரும் மாடு மீட்டு மாண்டவன் பெயரும் ஒரே கல்லில், ஒரே எழுத்தளவில் நிற்கும்.

அவற்றுள் எடுத்தனூர்க் கல் தனிச்சிறப்புடையது. மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது; ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. கருந்தேவக்கத்தி என்னும் வீரன் மாண்டதைக் கூறும் அக்கல், அவனோடு நின்று கள்வரைக் கடித்துக் காத்த நாயையும் கூறுகிறது. நாயின் உருவத்தைச் செதுக்கியதோடு அமையாமல், கோவிவன் என்னும் அதன் பெயரையும் பொறித்துள்ளனர்.

ஏறத்தாழ ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் நம் பக்கத்து ஊரார் ஒரு நாயின் பெயரைக் கல்லில் எழுதினர். இருபதாம் நூற்றாண்டின் பேரரசு ஒன்று ஆயிரமாயிரம் மனிதர்களை எண்ணிக்கையாக எழுதியது. இவ்விரு கற்களுக்கும் இடையில் வைத்துப் பார்க்கும்போதுதான், பதக்கத்து விளிம்பின் சின்னஞ்சிறு எழுத்துகள் எவ்வளவு பெரியவை என்பது விளங்கும். பாஸ்ராவில் மாண்ட எத்தனையோ சிப்பாய்களுக்கு, பேரரசு அவர்தம் பெயரை உலோகத்தில் எழுதிய இடம் அந்த விளிம்பு. அதனைத்தான் நாம் உருக்கினோம்.

செங்கண்மா என்னும் செங்கத்திற்குச் செல்லும் கூத்தர்க்கு வழிகூறும் மலைபடுகடாம், வழியிடையே பெயர் பொறித்த நடுகற்கள் உள்ளமையைக் கூறி, அவற்றைப் போற்றிச் செல்லுமாறு சொல்லுகிறது. நாம் வாழும் நிலத்தின் பழைய வழக்கம் அது: பெயரைப் படி, நின்று வணங்கு, பிறகு வழி நட.

சேகரிப்போர் கடமை

பதக்கங்களைத் தேடிச் சேர்ப்பது பொழுதுபோக்கு என்பர். என் நோக்கில் அது பதிப்பாசிரியரின் பணியை ஒத்தது. ஏட்டைக் கண்டெடுப்பது தொடக்கம். அதன் பாடத்தைச் சிதையாமல் காப்பதே பணி. சில செய்திகளைக் கூற விரும்புகிறேன்.

முதலாவது, துலக்க வேண்டா. நம் பெண்கள் பித்தளையைக் கண்டால் புளியைத் தேடுவர். புளியும் எலுமிச்சையும் சாம்பலும் குத்துவிளக்குக்கு நல்லன, பதக்கத்துக்குப் பகை. ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் விளிம்பின் எழுத்து சிறிது தேயும். பட்டுநாடாவை நனைக்கலாகாது. தூய பருத்தித் துணியில் சுற்றி ஈரமற்ற இடத்தில் வைப்பது போதும்.

இரண்டாவது, காலத்தைச் சின்னமே சொல்லும். நம் கடற்படை 1934ஆம் ஆண்டு முதல் ராயல் இந்தியக் கடற்படை எனப்பட்டது. 1950 சனவரி 26 அன்று இந்தியக் கடற்படை ஆயிற்று. ஆகவே நங்கூரத்தின் மேல் மகுடம் இருப்பின் அது குடியரசுக்கு முந்தையது. அசோகச் சிங்கம் இருப்பின் பிந்தையது. இரண்டாம் உலகப் போர்க்காலத்து மாலுமியின் தொப்பி நாடாவில் கப்பலின் பெயர் இராது. கப்பல் எதுவெனப் பகைவர் அறியலாகாது என்பதற்காக முன்னெழுத்துகள் மட்டுமே இருக்கும். 2022 செப்டம்பர் 2 அன்று கடற்படைக் கொடியிலிருந்து செயின்ட் ஜார்ஜ் சிலுவை நீக்கப்பட்டது. கடற்படையின் முழக்கமோ வருணனை வேண்டுவது. நெய்தல் நிலத்துக்குத் தொல்காப்பியம் கூறும் தெய்வமும் வருணனே என்பதை நம் மாணவர்க்கு எடுத்துச் சொல்லலாம்.

மூன்றாவது, போலிகளை அறிதல். பழஞ்சின்னங்கள் பெரும்பாலும் வார்ப்படமாக அன்றி அச்சில் அடித்துச் செய்தவை. எழுத்தின் ஓரங்கள் கூர்மையாக இருக்கும். அவற்றை அச்செடுத்து வார்த்த போலியின் முகம் மழுங்கியும் சிறு புள்ளிகள் விழுந்தும் இருக்கும். உலோகம் ஆறும்போது சுருங்குவதனால் அளவிலும் சற்றே சிறுத்திருக்கும். சென்னை மூர் மார்க்கெட்டில் இத்தகைய பழம்பொருள்களைத் தேடித் திரிந்தோர் நம் வட்டத்திலும் உள்ளனர். 1985 மே 30 அன்று தீயில் அது அழிந்தது. சந்தைகள் மாறினாலும் கண்ணுக்குப் பயிற்சி வேண்டும் என்பது மாறவில்லை.

நான்காவது, சட்டம். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக்கருவூலங்கள் சட்டம், நூறாண்டு கடந்த வரலாற்றுப் பொருள்களைத் தொல்பொருள்களாகக் கருதுகிறது. அவற்றை நாட்டைவிட்டு வெளியே கொண்டுசெல்லத் தனியார்க்கு உரிமை இல்லை. முதல் உலகப் போரின் பதக்கங்கள் அவ்வயதைக் கடந்துவிட்டன. பெட்டியில் கிடப்பது பாட்டன் சொத்து மட்டும் அன்று என்பதை நாம் உணரவேண்டும்.

ஐந்தாவது எல்லாவற்றினும் தலையாயது. இரண்டாம் உலகப் போரின் நட்சத்திரப் பதக்கங்களும் பிறவும் பிரிட்டிஷ் படையினர்க்குப் பெயர் பொறிக்கப்படாமலே வழங்கப்பட்டன; இந்தியப் படையினர்க்கு வழங்கியவற்றில் பெயர் பொறிக்கப்பட்டது. பெயர் இல்லாத பர்மா நட்சத்திரம் ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால், அது யாருடையது என அதனைப் பார்த்து எவராலும் சொல்ல இயலாது. உங்கள் வாய்மொழி ஒன்றே சான்று. அது வீட்டைவிட்டு வெளியேறும் நாளில் அம்மனிதர் இரண்டாம் முறை மறைகிறார். ஆகவே பதக்கத்தோடு ஒரு தாள் இருக்கட்டும். பெயர், ஊர், தந்தை பெயர், படை, போன நாடு, சொன்ன சொல்: ஆறு வரி போதும். நடுகல்லில் நம் முன்னோர் எழுதியதும் ஏறக்குறைய இவ்வளவே.

விருதுகளுள் பெயரைத் தாங்கியனவும் உண்டு. ஜார்ஜ் சிலுவை என்னும் உயர்விருதைப் பெற்ற முதல் இந்தியர் சுபேதார் சுப்பிரமணியன். காஞ்சிப் பகுதியின் கீழொட்டிவாக்கத்தைச் சேர்ந்தவர். மதராஸ் சாப்பர்ஸ் படையினர். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியின் மிக்னானோ அருகே, வெடிக்க இருந்த கண்ணிவெடிமேல் தாமே விழுந்து உடனிருந்தோரைக் காத்தார். அவ்விருதின் பின்புறத்தில் பெற்றவர் பெயரைப் பொறிப்பது மரபு. விடுதலை பெற்ற இந்தியாவின் பரம்வீர் சக்கரத்தை வடிவமைத்தவர் சுவிட்சர்லாந்தில் பிறந்து இந்தியரை மணந்து இந்தியரான சாவித்திரி கானோல்கர் என்னும் பெண்மணி. இந்திரனின் வச்சிரப்படையை அதில் அமைத்தார். மருத நிலத்து வேந்தனாகிய இந்திரனின் படை வெண்கலத்தில் பதிந்தது. அது வெண்கலமாதலின் உருக்குவோர் அதனை நாடார் என்பது எனக்கொரு மகிழ்ச்சி.

மாமா படித்த பெயர்

அண்மையில் என் மாமா வீட்டுக்கு வந்தார். எஞ்சியிருந்த வெண்கலப் பதக்கத்தைத் துண்டில் முடிந்து கொண்டு வந்திருந்தார். வெளியூர் வணிகர் ஒருவர் நல்ல விலைக்குக் கேட்டாராம். பேரனின் கல்லூரிக் கட்டணத்திற்குப் பணம் வேண்டியிருந்தது. "நீ படிச்ச பொண்ணு, பாப்பா. இதுல என்னா எழுதியிருக்குதுன்னு மொதல்ல பாத்துச் சொல்லு. அப்புறம் குடுத்துடறேன்" என்றார்.

ஒரு பக்கத்தில் சிறகுடைய வெற்றித் தெய்வம். மறுபக்கத்தில் நாகரிகத்திற்கான பெரும்போர் எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடர், 1914–1919 என்னும் ஆண்டுகளோடு. அவற்றை விளக்கினேன். பின்னர் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து விளிம்பைச் சுற்றிப் பார்த்தேன். எண் வந்தது. சாப்பர் என்னும் பதவி வந்தது. அதனையடுத்துப் பாட்டனாரின் பெயர், ஓர் எழுத்துக் குறைந்தும் ஓர் எழுத்து மிகுந்தும், ஆங்கிலத்தில் வந்தது. உரக்கப் படித்தேன். மாமா எழுந்து நின்றுவிட்டார். "பேரு போட்டிருக்குதா? இத்தினி நாளா இதுல பேரு இருந்திச்சா?" என்றார். சிறிது நேரம் கழித்து, "அப்போ அந்த வெள்ளியிலயும் இருந்திருக்கும் இல்ல?" என்றார். ஆம் என்றேன். வேறு என்ன சொல்வது?

அவர் பதக்கத்தை விற்கவில்லை. கட்டணத்திற்கு நானும் என் தம்பியும் ஆளுக்குப் பாதியாக வழி செய்தோம். இதனை என் பெருமையாகச் சொல்லவில்லை. ஒரு கொலுசுக்கு உரிய கடன் அது. இன்று அந்தப் பதக்கமும், எனக்குச் சிறிதாகிப்போன அந்தக் கொலுசு இரண்டும், ஆறு வரி எழுதிய தாளும் ஒரே பேழையில் உள்ளன. பாட்டனாரின் பெயரை இந்த அவையில் உரக்கச் சொன்னேன். அச்சில் வந்தால் பதக்கத்தைத் தேடி வணிகர் வருவர் என மாமா அஞ்சுகிறார். அதனால் மலரில் விடுத்தேன். உரையைக் கேட்டோர் அதனை நினைவில் வைத்திருப்பீர்கள் என நம்புகிறேன்.

கவிஞர் பெருமக்களே! உங்களிடம் ஒரு வேண்டுகோள். நம் மாவட்டத்திலும் வேலூர்ப் பக்கத்திலும் தலைமுறை தலைமுறையாகப் படைக்கு ஆள் அனுப்பிய ஊர்கள் பல. கம்மவான்பேட்டையை 'ராணுவப்பேட்டை' என்றே மக்கள் அழைக்கின்றனர். நீங்கள் ஊருக்குச் செல்லும்போது ஒரு பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். பதக்கத்தை வாங்க வேண்டா, எடுத்துக்கொண்டும் வரவேண்டா. விளிம்பைப் படியுங்கள், அல்லது வீட்டு முதியவரைக் கேளுங்கள். ஆறு வரி எழுதி, ஒரு படியை அவ்வீட்டிலேயே வைத்து, மறு படியை நம் வட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். அடுத்த பத்தாண்டு மலர் வெளிவரும்போது அதில் ஒரு பகுதி அப்பெயர்களுக்கு உரியதாகட்டும்.

பித்தளைக்கும் பாட்டுக்கும் என்ன உறவு எனக் கேட்ட கவிஞர் முதல் வரிசையில் அமர்ந்துள்ளார். ஐயா, உறவு இதுதான்: இரண்டும் ஒரு பெயரைச் சுமக்க வந்தவை.